நான்கு கூட்டல் ஒன்று

என் படிப்புக்காலத்தில் மிகவும் பயன்பட்ட பதினைந்து நிமிடங்கள் எந்த வகுப்பிலும் நடக்கவில்லை. இரண்டாம் ஆண்டு அக்டோபரில், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு வேறு ஏதோ காரியமாகப் போயிருந்தேன். அது முடிந்து கிளம்பும்போது, போகிற போக்கில் கேட்டேன்: பொதுக்கொள்கையில் இளங்கலையும் முதுகலையும் சேர்த்து ஐந்து வருடத்தில் முடிக்கப்போகிறேன், விசா பக்கம் ஏதாவது பார்க்க வேண்டுமா? அங்கிருந்த அம்மாள் என்னை மறுபடி உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் நிலைமை.

2013-ல், பதினான்கு வயதில், ஸ்ரீரங்கத்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தேன். அப்பாவுக்கு எச்-1பி என்கிற வேலை விசா, அம்மாவுக்கும் எனக்கும் அதைச் சார்ந்து குடும்பத்துக்குத் தரும் எச்-4. அப்பாவின் கிரீன் கார்டு விண்ணப்பம் இந்தியர்களுக்கான நீண்ட வரிசையில் எங்கோ நின்றுகொண்டிருந்தது. எச்-4-ல் இருக்கும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது ஆனதும் அந்த விசா முடிந்துவிடும். அதற்குள் கிரீன் கார்டு வரவில்லை என்றால் சொந்தமாக ஒரு விசா வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் அது மாணவர் விசாவான எஃப்-1. எனக்கு இருபத்தொன்று 2020 ஜூலையில். இதெல்லாம் தெரிந்துதான் 2017-ல் இங்கே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். தெரிந்தும் பொதுக்கொள்கை மேல் ஆசைப்பட்டேன். அரசாங்கம் எப்படி முடிவெடுக்கிறது என்று சொல்லித்தரும் படிப்பு. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் வேலைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் குடியுரிமை வேண்டும். கல்யாண வீட்டுக்குச் சமைக்கலாம், பந்தியில் உட்கார முடியாது என்கிற கதை.

திருச்சியிலிருந்து பெரியப்பா போனில் கேட்டார். "அது கலெக்டர் ஆகுற படிப்பாம்மா?"

"கலெக்டருக்குக் குறிப்பு எழுதிக் குடுக்கிற படிப்பு பெரியப்பா."

"அப்ப கிளார்க்கா?"

அப்போது கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் பாதி சரி.

சரி, இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது? அமெரிக்காவில் இளங்கலைக்குப் பொதுவாக 120 கிரெடிட், நான்கு வருடம். பொதுக்கொள்கை முதுகலை தனியாகப் படித்தால் இரண்டு வருடம். சேர்த்துப் படிக்கும்போது மூன்றாம் ஆண்டில் விண்ணப்பிக்கிறோம். எடுத்தால், நான்காம் ஆண்டிலேயே முதுகலை வகுப்புகளில் போய் உட்காருகிறோம். அந்த கிரெடிட்களில் ஒரு பகுதி இரண்டு பட்டத்திலும் கணக்காகும். ஐந்தாம் ஆண்டு முழுக்க முதுகலை. ஆறு வருடம் ஐந்தாகிறது. ஃபோர் பிளஸ் ஒன் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். பல இடங்களில் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு கேட்பதில்லை, மதிப்பெண் சராசரியும் இரண்டு மூன்று பரிந்துரைக் கடிதங்களும் போதும்.

பணக் கணக்கு இதில் முக்கியம். நான்காம் ஆண்டில் நான் எடுத்த முதுகலைப் பாடங்களுக்கு இளங்கலைக் கட்டணம்தான் கட்டினேன். அதே வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று முதுகலைக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார். ஆகவே விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எத்தனை கிரெடிட் இரண்டு பக்கமும் செல்லும், எந்தப் பருவத்திலிருந்து என்னை முதுகலை மாணவராகக் கணக்கு வைப்பீர்கள்? சில இடங்களில் இளங்கலைப் பட்டத்தை நான்காம் ஆண்டு முடிவில் தனியாகத் தந்துவிடுவார்கள். சில இடங்களில் ஐந்தாம் ஆண்டில் இரண்டையும் சேர்த்துத் தருவார்கள். இது வெறும் பட்டமளிப்பு விழா விஷயம் போலத் தெரியும். குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் உதவித்தொகை முதல் இளங்கலைப் பட்டம் கைக்கு வந்ததோடு நின்றுவிடும் என்பதால், பட்டம் தரும் தேதியே வீட்டு பட்ஜெட்டை மாற்றும். எச்-4, எஃப்-1 பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவி எப்படியும் கிடையாது. எங்கள் வீட்டில் அப்பாவின் சேமிப்பும் ஸ்ரீரங்கத்தில் இருந்த ஒரு மனையும்தான்.

இப்போது அந்தப் பதினைந்து நிமிடங்கள்.

அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: இளங்கலையில் எந்தப் பாடம்? நான் அரசியல் அறிவியல் என்றேன். பிடித்த பாடம், பொதுக்கொள்கைக்குப் பொருத்தமும்கூட. அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு படிப்புக்கும் மத்திய அரசு கொடுத்திருக்கும் ஒரு ஆறு இலக்க எண் உண்டு, சிஐபி எண் என்பார்கள். எஃப்-1 மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகியிருக்கும். படித்து முடித்ததும் எஃப்-1 மாணவருக்கு ஓ.பி.டி. என்று பன்னிரண்டு மாதம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பம், கணிதப் பிரிவுகளாக வகுத்த ஒரு பட்டியல் இருக்கிறது. படிப்பின் எண் அதில் இருந்தால் மேலும் இருபத்து நான்கு மாதம். பொதுக்கொள்கைப் பகுப்பாய்வின் வழக்கமான எண் 44.0501. அது பட்டியலில் இல்லை. அரசியல் அறிவியலும் இல்லை. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத் துறையில் ஒரு பிரிவு இருந்தது, அளவுசார் பொருளாதாரம்; எண் 45.0603. அது இருக்கிறது.

முதுகலைக்குப் பிறகு ஓ.பி.டி.யில் இருக்கும்போது, அதற்கு முன் பத்து வருடத்துக்குள் வாங்கிய இளங்கலையை வைத்தும் அந்த இருபத்து நான்கு மாதத்தைக் கேட்கலாம். பார்க்கும் வேலை அந்த இளங்கலைப் படிப்போடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். ஆக, மேலே பொதுக்கொள்கையை ஆசைக்குப் படிக்கலாம். கீழே இளங்கலை சரியான எண்ணில் இருந்தால் ஒரு வருடம் மூன்று வருடமாகும்.

அவர் சொன்ன இன்னொன்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஓ.பி.டி. ஒவ்வொரு படிப்பு நிலைக்கும் ஒரு தடவை: இளங்கலைக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று. படிப்பு முடிந்து பதினான்கு மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தி முடித்துவிட வேண்டும். நடுவில் நிற்காமல் நேரே முதுகலைக்குப் போகிறவர்கள் இளங்கலைக்கான அந்த ஒரு வருடத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். ஃபோர் பிளஸ் ஒன் விளம்பரத் தாள்களில் ஒரு வருடம் மிச்சம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். வேலை பார்க்கும் ஒரு வருடம் போகிறது என்று எங்கும் இருக்காது.

அன்றைக்கே துறை மாற்றப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். பொருளாதாரக் கணிதம் எனக்கு இனித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. இதைப் படிக்கிற நாளில் என்ன விதி என்று உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், முடிந்தால் முதல் வருடத்திலேயே.

என் அடுத்த தவறு தேதி. 2020 ஜூலையில் இருபத்தொன்று ஆகப்போகிறது என்று பதினான்கு வயதிலிருந்தே தெரியும். எச்-4-லிருந்து எஃப்-1-க்கு மாற்ற விண்ணப்பித்ததோ அந்த வருடம் பிப்ரவரியில். மார்ச்சில் கோவிட் வந்து எல்லாம் பூட்டிக்கொண்டது. ஒப்புதல் அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் ஒரு பேராசிரியர் விடைத்தாள் திருத்தும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார், சம்பளத்தோடு. எஃப்-1 கையில் இல்லாமல் அந்த வேலையில் சேர முடியாது. வேறொருவர் சேர்ந்துவிட்டார். உங்கள் வீட்டில் எச்-4 பிள்ளை இருந்தால், இருபதாவது பிறந்த நாள் கேக் வெட்டுகிற அன்றே இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

நான்காம் ஆண்டு. வகுப்புகள் எல்லாம் திரையில்தான். ஆனாலும் முதல் வாரமே ஒன்று புரிந்தது: அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களில் எனக்கு மட்டும்தான் இருபத்தொரு வயது. ஒருவர் ஒன்பது வருடம் ஒரு டவுன்ஷிப் அலுவலகத்தில், அதாவது உள்ளாட்சி அலுவலகத்தில், வேலை பார்த்தவர். இன்னொருவர் பள்ளி ஆசிரியர், மடியில் குழந்தையோடு வகுப்புக்கு வருவார். எனக்கு எண்கள் ஓடும். அவர்களுக்கு ஊர் தெரியும். பேருந்துக் கட்டணச் சலுகை பற்றி ஒரு குழு வேலை. நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு மாடல் போட்டு, வரைபடமெல்லாம் வண்ணமாக ஒட்டிக் காட்டினேன். டவுன்ஷிப்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது. இதில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டணத்தை எந்த வாரியம் தீர்மானிக்கிறது, எந்த மாதம் கூடுகிறது, பணம் எந்தத் தலைப்பிலிருந்து போகிறது, எதுவும் நான் பார்க்கவே இல்லை.

சேர்த்துப் படிப்பதில் நாம் இழப்பது இதை. முதுகலைக்குத் தனியாக வருகிறவர்கள் இரண்டு மூன்று வருடமாவது எங்கோ அடிபட்டுவிட்டு வருகிறார்கள். அங்கே விடை கிடைக்காத கேள்விகளோடு வருவதால், பாடம் அவர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்கிறது. நமக்குக் கேள்விக்கு முன்னாலேயே விடை வந்துவிடுகிறது. இதை ஈடுகட்ட நான் கண்டுபிடித்த ஒரே வழி, கூச்சமில்லாமல் அவர்களிடம் கேட்பது. டவுன்ஷிப்காரரிடம் வாரம் ஒரு தடவை போனில் பேசுவேன். ஊர் கவுன்சில் கூட்டங்களை யூடியூபில் பார்க்கச் சொன்னார். மூன்று மணி நேரம் ஓடும், இரண்டு மணி நேரம் வாகன நிறுத்தம் பற்றியே இருக்கும். பார்த்தேன்.

அப்புறம் எழுத்து. பொதுக்கொள்கை வகுப்புகளில் நீளமான கட்டுரைக்கு மரியாதை இல்லை. இரண்டு பக்கக் குறிப்புதான். எட்டாம் வகுப்புத் தமிழ் ஐயா எனக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரை கட்டச் சொல்லித்தந்தவர். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் கூடவே வந்துவிட்டது. முதல் குறிப்பில் பேராசிரியர் என் முதல் ஒன்றரைப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கடைசிப் பத்தியைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே ஓர் அம்புக்குறி வரைந்திருந்தார். முடிவுரையை முதல் வரியாக்கு. படிக்கிறவர் லிஃப்டில் போகும்போது முதல் வரியை மட்டும்தான் பார்ப்பார் என்று வைத்துக்கொள். நாற்பது குறிப்பாவது எழுதியிருப்பேன். இன்றைக்கு எனக்குச் சம்பளம் வருவது அதற்குத்தான்.

பாடங்களில் என்னைப் பிடித்து இழுத்தது ஒன்று, நியூ ஜெர்சி சம்பந்தப்பட்டதாலோ என்னவோ. 1992 ஏப்ரல் 1-ம் தேதி இந்த மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05-க்கு உயர்த்தியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் கூலி மாறவில்லை. டேவிட் கார்ட், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருந்த 410 துரித உணவுக் கடைகளில், கூலி ஏறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்று பாடப்புத்தகம் சொன்னது. இங்கே குறைந்ததாகத் தெரியவில்லை. சம்பளப் பதிவேடுகளை வைத்து வேறு இருவர் எதிர்வாதம் செய்தார்கள், சண்டை வருடக்கணக்கில் நடந்தது. நான் ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது, 2021 அக்டோபரில், கார்டுக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். க்ரூகர் 2019-லேயே இறந்துவிட்டார். என்னை ஈர்த்தது கணக்கைவிட, கடை கடையாகப் போன் போட்டுக் கேட்கும் அந்த வேலைதான்.

நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கு இடையில் வரும் கோடைதான் பயிற்சி வேலைக்கு நமக்குக் கிடைக்கும் ஒரே நல்ல இடைவெளி. எஃப்-1-ல் இருப்பவர் வேலையைத் தொடங்கும் முன், படிக்கும்போதே பயிற்சி வேலை பார்ப்பதற்கான சி.பி.டி. அனுமதி ஐ-20-யில் பதிவாகியிருக்க வேண்டும். முதல் நாள் போய்விட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் விசாவுக்கே ஆபத்து. நான் வீட்டு வாடகைப் பிரச்சினைகளைப் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு வாரம் இருந்தேன். பெரும்பாலும் எக்செல்.

ஐந்தாம் ஆண்டின் கடைசிப் பருவத்தில் கேப்ஸ்டோன். ஆய்வுக் கட்டுரைக்குப் பதிலாக, உண்மையான ஒரு அரசு அலுவலகத்துக்கு உண்மையான ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொடுக்க வேண்டும். எங்கள் நால்வர் குழுவுக்கு வந்தது ஒரு சின்ன ஊர், சொந்தமாகக் குடிநீர் விநியோகம் வைத்திருப்பது. சிக்கல் ஈயக் குழாய்.

2021 ஜூலையில் நியூ ஜெர்சி ஒரு சட்டம் போட்டது: தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் போகும் ஈய இணைப்புகள் எல்லாவற்றையும் பத்து வருடத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்கு முதலில் எந்த வீட்டில் என்ன குழாய் என்று கணக்கெடுக்க வேண்டும். ஊர் அலுவலகத்தில் எங்களுக்குக் காட்டியது ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே குழாய் இணைப்பு அட்டைகள், மை மங்கிய கையெழுத்தில். பாதிக்கு மேல் அட்டையே இல்லை. ஈயம், ஈயம் அல்ல, தெரியவில்லை என்று மூன்று பட்டியல் போட்டோம். தெரியவில்லை என்கிற பட்டியல்தான் பக்கம் பக்கமாக நீண்டது.

குழாயைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஒரு காசை எடுத்துச் சுரண்ட வேண்டும். வெள்ளி போலப் பளபளத்து, காந்தமும் ஒட்டாமல் இருந்தால் ஈயம். செம்பு நிறத்தில் இருந்தால் செம்பு. காந்தம் ஒட்டினால் இரும்பு. இதைச் செய்து படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஊர் எல்லாருக்கும் கடிதம் போட்டிருந்தது. பதில் சொற்பம். ஏன் என்று தெரிய, நான்கு பேரும் இரண்டு சனிக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினோம். குடியிருப்பவர்களில் நிறையப் பேர் வாடகைக்காரர்கள். கடிதமோ வீட்டு உரிமையாளர் பெயருக்கு, அவர் இருக்கும் வேறு ஊர் விலாசத்துக்குப் போயிருக்கிறது. தண்ணீர் குடிப்பவருக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. வாடகைக்காரர் கைக்குக் கடிதம் போய்ச் சேர்ந்த ஒரு சில இடங்களிலும், பில் என்று நினைத்துப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி ஸ்பானிஷில் சிரித்துக்கொண்டே, குளிர்சாதனப் பெட்டி மேலிருந்து மூன்று உறைகளை எடுத்துக் கொடுத்தார்.

அங்கேதான் எனக்கு டவுன்ஷிப்காரரின் கேள்வி திரும்ப வந்தது. இதே மாநிலத்தில் உள்ள நூவர்க் நகரம் இதே சிக்கலில் என்ன செய்தது என்று தேடினோம். அங்கும் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். உரிமையாளர் கையெழுத்துக்குக் காத்திருந்தால் வேலை நகராது. 2019-ல் நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது: உரிமையாளர் சம்மதம் இல்லாமலே குழாயை மாற்றலாம். அதோடு யாரிடமும் காசு வாங்கவில்லை. நூவர்க் இருக்கும் மாவட்டமான எசெக்ஸ் கவுண்டி 12 கோடி டாலர் கடன் பத்திரம் மூலம் பணம் திரட்டித் தந்தது. மூன்று வருடத்துக்குள் 23,000-க்கும் மேற்பட்ட குழாய்கள் மாறின. சுற்றுவட்டார ஊர்கள் அனுப்பிய கடித மாதிரிகளையும் வாங்கினோம். இங்கே ஓ.பி.ஆர்.ஏ. என்று ஒரு தகவல் சட்டம், ஏழு வேலை நாளில் பதில் தர வேண்டும். நம் ஊர் ஆர்.டி.ஐ.யின் முப்பது நாளோடு ஒப்பிட்டு அப்பா பெருமூச்சு விட்டார்.

செலவு, பயன் கணக்கும் போட்டோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளவே இந்தப் படிப்பைப் படிக்கலாம் என்பேன். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிப்பது. குழாயை மாற்றிய பலன் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் அவர்கள் சம்பளத்திலும் வாழ்க்கையிலும் தெரியும். வருங்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் விகிதமாக மத்திய அரசின் 2003 வழிகாட்டுதல் 3 சதவீதம், 7 சதவீதம் என்று இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறது. முப்பது வருடம் கழித்து வரும் ஆயிரம் டாலருக்கு 3 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 412 டாலர். 7 சதவீதத்தில் 131. அதே குழாய், அதே குழந்தை. விகிதத்தைத் தேர்ந்தெடுப்பவரே பாதி முடிவை எடுத்துவிடுகிறார். அந்தப் பக்கத்தை ஊர் கவுன்சிலில் காட்டியபோது ஓர் உறுப்பினர், "அப்படியானால் உங்களுக்கு வேண்டிய விடையை வரவைக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதனால்தான் இரண்டையும் காட்டுகிறோம் என்றேன். என் குழுவினர் முகம் வெளுத்துவிட்டது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.

வேலை தேடிய கதை சுருக்கமாக. ஓ.பி.டி.க்குப் படிப்பு முடியும் தேதிக்குத் தொண்ணூறு நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். நான் முதல் நாளே அனுப்பினேன், பிப்ரவரி பாடம் மறக்கவில்லை. ஓ.பி.டி. தொடங்கிய பிறகு மொத்தம் தொண்ணூறு நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. மத்திய அரசு இல்லை. நகராட்சிகள் எடுக்கத் தயங்கின. எடுத்தாலும் பிறகு எச்-1பி குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கமில்லாத ஆய்வு நிறுவனங்களுக்கும் அந்தக் குலுக்கல் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அங்கே மட்டும் தேடினேன். இப்போது ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தில், திட்டங்கள் சொன்னதைச் செய்தனவா என்று பார்க்கும் வேலை. அந்த இருபத்து நான்கு மாத நீட்டிப்பு 45.0603-ஆல் கிடைத்தது.

சொந்தக்காரர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை என்னிடம் பேச வைக்கிறார்கள். குடியுரிமை உள்ள பிள்ளை, இருபது வயதில் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை என்றால், சேர்த்துப் படிக்காதே என்றுதான் சொல்கிறேன். ஏதாவது ஒரு ஊர் அலுவலகத்தில் இரண்டு வருடம் இரு. உதவித்தொகை பேரம் பேசவும் அது உதவும், வகுப்பில் வாய் திறக்கவும் உதவும். விசாவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை, அவர்களிடம் எண்ணைப் பார், தேதியைப் பார் என்கிறேன். பெற்றோருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை. இரண்டு பட்டம், ஐந்து வருடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

அந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் மூன்று பரிந்துரை கொடுத்தோம். நூவர்க் மாதிரி ஒரு விதி, கவுன்சிலில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. கடன் பத்திரம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். மூன்றாவதை நான் ஒப்புக்குத்தான் சேர்த்திருந்தேன்: கடிதத்தைக் குடியிருப்பவர் விலாசத்துக்கும் அனுப்புங்கள், உறையின் மேல் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில், 'இது பில் இல்லை, உங்கள் தண்ணீரைப் பற்றியது' என்று அச்சடியுங்கள். அந்தக் கோடையில் ஊர் எழுத்தர் எனக்கு ஒரு உறையைப் படம் பிடித்து அனுப்பினார். மஞ்சள் நிறம். ஸ்பானிஷ் வரியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது.